தூணில் பிள்ளை பெறுகிறவள்

ஆலப்பாக்கம் தாண்டியதுமே ஜெயராணிக்குக் கண் சொக்கிவிட்டது. பின்னே, ராத்திரி முழுக்க பிரசவ வார்டில் நின்ற கால்கள் அல்லவா! நாலு பிரசவம், அதில் ஒன்று ரெட்டை. காலையில் அடுத்த டியூட்டிக்காரியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, முதுநகர் வீட்டுக்குப் போய் ஒரு குளியல் போட்டு, கைக்கு அகப்பட்ட புடவையைச் சுற்றிக்கொண்டு, சாப்பிட்டோமா இல்லையா என்கிற நினைவுகூட இல்லாமல் சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள்தான். தூங்காத கண்ணுக்கு உலகம் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோலத் தெரியும், பார்த்திருக்கிறீர்களா? அப்படித்தான் தெரிந்தது அவளுக்கு. பச்சை வயல் நடுவே வரிசையாக இரும்புக் கட்டில்கள் போட்டிருந்தன. கட்டிலுக்கு ஒருத்தியாக நிறைமாதக்காரிகள் படுத்திருந்தார்கள். கொக்குகள் ஒவ்வொரு கட்டிலாக நின்று நின்று விசாரித்துக்கொண்டு போயின. ஒரு கட்டில் மட்டும் காலி. அது யாருடையது என்று ஜெயராணி கேட்க வாயைத் திறந்தபோது பஸ் ஒரு குலுக்கு குலுக்கியது. கட்டில்களைக் காணோம். வெறும் நெல்தான் காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது.

காலிக் கட்டில் யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? மகள் இலக்கியாவுக்கு இது ஒன்பதாவது மாதம். சிதம்பரத்திலேயே ஆஸ்பத்திரி பார்த்தாகிவிட்டது. போன வாரம் மாப்பிள்ளை இளவரசு போனில் இழுத்து இழுத்துச் சொன்னான். "அத்த, தப்பா எடுத்துக்காதீங்க. டெலிவரிக்கு நீங்க வர வேணாம்னு சொல்றா. கொழந்த பொறந்தப்புறம் வரலாமாம். நான் சொல்லிப் பாத்துட்டேன் அத்த." ஜெயராணி "சரிப்பா, அவ இஷ்டம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். இருபத்தெட்டு வருஷத்தில் ஊரார் பிள்ளை எத்தனையோ அவள் கையில் வந்து விழுந்திருக்கிறது. பெற்ற மகளின் பிரசவத்துக்கு மட்டும் வாசல் பக்கம்கூட வரக்கூடாது என்றால் எப்படி இருக்கும்! அப்புறம்தான் சம்பந்தி கொளஞ்சியம்மாள் கூப்பிட்டாள், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்று. மகளிடம் இன்றைக்கு நேரில் கேட்டுவிட வேண்டும். என்ன கேட்பது, எந்த வார்த்தையில் தொடங்குவது, அதுதான் பஸ் சிதம்பரம் வந்து சேர்ந்த பிறகும் பிடிபடவில்லை.

ஸ்டாண்டில் இளவரசு காரோடு நின்றான். கடைகளின் தலைக்கு மேலே கோபுரம் வெயிலில் மிதந்துகொண்டிருந்தது. பின் கதவைத் திறந்தால் இலக்கியா. "வாம்மா" என்றாள். உடம்பை நகர்த்தி இடம் விட்டாள். அவ்வளவுதான். வயிறு நன்றாக இறங்கியிருந்தது, காலில் லேசாக வீக்கம், முகத்தில் களை இருந்தது. பார்த்த ஒரு நொடியில் இதெல்லாம் ஜெயராணியின் மனசுக்குள் தானாக எழுதிக்கொண்டது. இலக்கியா ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து, மறு கையில் போனைப் பிடித்து, குழந்தை அசையும்போதெல்லாம் திரையில் ஒரு புள்ளியைத் தொட்டுக்கொண்டிருந்தாள். அசைவை எண்ணுகிற ஏதோ ஒரு ஆப்பாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை பாருங்கள்.

முன் சீட்டில் இருந்த கொளஞ்சியம்மாளுக்குத்தான் வாய் ஓயவில்லை. "என்னா சம்மந்தி, கண்ணெல்லாம் செவந்து கெடக்கு? தூங்கறதே இல்லியா? உங்க ஆஸ்பத்திரியில வேற நர்ஸே இல்லியா? கோயிலுக்குன்னு யோசிக்காதீங்க. நீங்க வேதக்காரங்க, எனக்குத் தெரியாதா? நான் காட்டப்போறது சாமியே இல்ல. பொம்பள. தூணுல நிக்கிறா. பொம்பளைய பொம்பள பாக்கறதுக்கு எந்தச் சாமி கோச்சுக்கும்?" மகனும் மருமகளும் விரும்பிக் கட்டிக்கொண்டபோது இரண்டு வீட்டிலும் ஆறு மாதம் அடுப்பு சரியாக எரியவில்லை. அப்போது மண்ணை வாரித் தூற்றிய அதே வாய்தான் இது. இப்போது ஜெயராணிக்கு இந்த வாய் இருப்பதே ஆறுதலாக இருந்தது. காருக்குள் இருந்த மௌனத்தை அது ஒன்றுதான் தள்ளிக்கொண்டு போனது.

கீரப்பாளையம் தாண்டி வாய்க்கால் கரையோடு திரும்பினால், மூங்கில் புதருக்குப் பின்னால் கோயில். சின்னக் கோயில்தான். சோழர் காலத்துக் கட்டடம் என்று வெளியே ஒரு பலகை சொன்னது. குருக்கள் காலையில் விளக்கேற்றிவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வருவாராம். சுவரெல்லாம் எழுத்து. அடுக்கடுக்காக, எறும்பு ஊர்ந்ததுபோலப் பழைய எழுத்து. யார் படித்தார்கள் அதை! ராஜா யார், என்ன கொடுத்தான் என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் மண்டபத்தின் மூன்றாவது தூண் எது என்று சுற்றுப்பட்ட கிராமத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும்.

"நான் வரல, ஒரு கால் பேசணும்" என்று இளவரசு கார் பக்கத்திலேயே நின்றுகொண்டான்.

"வராதடா ராசா, அதுவும் நல்லதுதான்" என்றாள் கொளஞ்சியம்மாள். "நீ பொறக்கறப்போ உங்கப்பன் உள்ள எட்டிப் பாத்துட்டு மயங்கி வுழுந்தாரு. எனக்குத் தெளிக்க வச்சிருந்த தண்ணிய அவரு மூஞ்சில தெளிச்சாங்க."

இலக்கியா சிரித்தாள். மகள் சிரித்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று ஜெயராணி கணக்குப் பார்க்கப் போய், பாதியில் விட்டுவிட்டாள்.

மண்டபத்துக்குள் கால் வைத்ததும் கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. வௌவால் வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தது. தூணுக்கு முன்னால் போய் நின்றதும்தான் கொளஞ்சியம்மாள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட பாவமே, எண்ணெ பாட்டில கார்லயே வச்சிட்டேன் பாரு. இருங்க, வந்துடறேன்." மறந்தாளோ, மறந்த மாதிரி போனாளோ, அது அவளுக்கே வெளிச்சம்.

ஜெயராணி தூணைப் பார்த்தாள். ஒரு முழ உயரம்தான் இருக்கும் அந்தச் சிற்பம். நடுவில் ஒருத்தி நிற்கிறாள். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். அவர்கள் தோளில் இரண்டு கையையும் போட்டுத் தொங்குகிறாள். முட்டி இரண்டும் மடங்கி அகன்றிருக்கிறது. குழந்தையின் தலை தெரிகிறது. எத்தனையோ கை தடவித் தடவி அவள் முகம் இருந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது. மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. வயிறு கன்னங்கரேலென்று பளபளத்தது. ஜெயராணி சாமிச் சிலை பார்க்கிற மாதிரி பார்க்கவில்லை. வார்டில் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள். இடுப்பு முன்னால் தள்ளியிருந்த விதம் சரி. வலப்பக்கத்துத் தோழி தன் இடுப்பைக் கொடுத்துத் தாங்கிய விதம் சரி. பிறகு அந்தக் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். தரையைக் கவ்விப் பிடித்தபடி உள்பக்கமாக வளைந்திருந்தது. அவளுக்குச் சிலிர்த்துவிட்டது. வலி உச்சத்துக்கு ஏறும்போது பெண்களின் கால்விரல் அப்படித்தான் சுருட்டிக்கொள்ளும். வாய் திறந்து கத்தாதவள்கூட விரலில் கத்திவிடுவாள். புருஷன்மாருக்குத் தெரியாது அது. இந்தக் கல்தச்சனுக்கு எப்படித் தெரிந்தது? யார் அவனை உள்ளே விட்டார்கள்? அவன் பெண்டாட்டியோ, தங்கையோ. தட்டிக்கு வெளியே உளியோடு நின்றவன் எந்த ஓட்டை வழியாகப் பார்த்தான்? கத்தல் நின்ற பிறகு உள்ளேயிருந்து குழந்தைச் சத்தம் வந்ததா, வரவில்லையா? தூக்கக் கலக்கத்தில் அவளுக்கு உளிச் சத்தம்கூடக் கேட்டது. டொக், டொக், அப்புறம் ஒரு நிறுத்தம். காது கொடுத்துக் கேட்கிறவனின் நிறுத்தம். சொட்டுச் சொட்டாக நேரம் போய்க்கொண்டிருந்தது. மண்டபத்துக்கு வெளியே வெயில் பால்போல நின்றது.

"அம்மா."

மகள் தூணைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னிக்கு நான் போன் பண்ணப்போ, நீ நெஜமாவே பிஸியா இருந்தியா?"

எந்த அன்றைக்கு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன், தலைப்பிரசவத்துக்கு முதுநகர் வீட்டுக்கு வந்திருந்தாள் இலக்கியா. ஜெயராணி பகல் டியூட்டியில் இருந்தாள். மதியம் மூன்று மணிக்கு போன். "அம்மா, காலையிலேர்ந்து அசைவு ஜாஸ்தி தெரியலம்மா." ஜெயராணி சொன்னாள்: "பாப்பா தூங்கும்டி. ஜூஸ் குடிச்சிட்டு எடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. டியூட்டி முடிஞ்சி வந்து பாக்கறேன்." ஏழு மணிக்கு வந்து வயிற்றில் கை வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெண் குழந்தை. நிறைய முடி. அசையாத அதை இரண்டு கையிலும் ஏந்தி வாங்கியவளும் அவளேதான். கொடி சுற்றியிருந்தது, எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கும், மூன்று மணிக்கே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டர். அதையே ஜெயராணியும் மகளிடம் பத்து முறை சொல்லியிருப்பாள். பத்து முறையும் இலக்கியா சுவர் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.

"பிஸியெல்லாம் இல்லடி" என்றாள் ஜெயராணி. குரல் மண்டபத்தில் பெரிதாகக் கேட்டது, தணித்துக்கொண்டாள். "அப்போ வார்டுல ஒண்ணுமே இல்ல. டீ குடிச்சிட்டு இருந்தேன்."

"அப்புறம் ஏன் வரல?"

"தெனமும் நாலு பேரு அப்படிப் பயந்துகிட்டு கேப்பாளுங்க. நாலு பேருக்கும் அதத்தான் சொல்லுவேன். ஒண்ணும் ஆகாது, கொழந்த நல்லாதான் இருக்கும். உனக்கும் அதையே சொல்லிட்டேன். நீ யாருன்னு நெனச்சிப் பாத்து சொல்லல. வாய் சொல்லிடுச்சு."

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பாதிரியாரிடம்கூடச் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் பக்கத்துத் தூணில் சாய்ந்துகொண்டாள். பிரசவத்துக்கு வரட்டுமா என்று கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தாள். இனி அதை எந்த முகத்தோடு கேட்பது! இலக்கியா அழவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு, முகமில்லாத அந்தப் பெண்ணின் தோளைத் தாங்கியிருந்த கல் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது. ஒரு அணில் எழுத்துகளின் மேல் ஏறி ஓடியது.

"இதோ வந்துட்டேன்" என்று கொளஞ்சியம்மாள் மூச்சு வாங்க வந்தாள். "மூடியத் தொறக்க முடியல, அவன் போன வுட்டுத் தொறந்து குடுத்தாதானே! இந்தா, தலையிலேர்ந்து ஊத்து. வவுத்து மேல வடியும். வடியறத வழிச்சி உன் வவுத்துல தடவிக்க. எனக்கு எங்க மாமியா ஊத்துனாங்க. வாயத் தொறந்தா வையிற பொம்பள, அன்னிக்கு மட்டும் ஒரு வார்த்த வையல."

இலக்கியா நல்லெண்ணெயை ஊற்றினாள். அது முகம் இருந்த வழவழப்பில் இறங்கி, மார்பில் பிரிந்து, வயிற்றில் ஒன்றாகச் சேர்ந்து, குழந்தையின் தலை வழியாகக் கீழே நேராகச் சொட்டியது. புடவையை விலக்கி வயிற்றில் ஒரு கோடு தடவிக்கொண்டாள். முடிந்தது, போகலாம் என்று கொளஞ்சியம்மாள் திரும்பினாள். இலக்கியா மட்டும் தலையைச் சாய்த்துத் தூணின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்த, இவளுக்கு யாரும் எண்ணெ வைக்க மாட்டாங்களா?"

"யாருக்குடி?"

"இங்க, கீழ. ஒக்காந்திருக்கா பாருங்க."

தரையோடு தரையாக, நிழலுக்குள், உள்ளங்கை அளவில் நாலாவதாக ஒருத்தி மண்டி போட்டிருந்தாள். இரண்டு கையையும் ஏந்தி நீட்டிக்கொண்டிருந்தாள். எண்ணெய் சொட்டுகிற இடத்துக்கும் அவள் விரல் நுனிக்கும் நாலு விரல் இடைவெளி. அதனால் அவள் மேல் ஒரு பொட்டு எண்ணெய்கூடப் பட்டதில்லை. மற்றவர்கள் கறுத்து மின்ன, அவள் மட்டும் வெளுத்துச் சொரசொரவென்று, செதுக்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தாள். யாரும் தொடாததால் அவளுக்கு மட்டும் கண்ணும் மூக்கும் தேயாமல் அப்படியே இருந்தன.

"அட, ஆமா! இத்தினி வருஷமா வரேன், கண்ணுல படவே இல்லியே" என்று குனிந்து பார்த்தாள் கொளஞ்சியம்மாள். "மருத்துவச்சி போலருக்கு. அவளுக்கு எதுக்குடி எண்ணெ? வலி அவளுக்கா?"

இலக்கியா ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல உட்காரப் பார்த்தாள். வயிறு இடித்தது. ஜெயராணியின் கைகள் பழக்கத்தில் முன்னால் போயின, பாதி வழியில் நின்றுவிட்டன. இலக்கியா அந்தப் பாதி வழியிலேயே அம்மாவின் முன்கையைப் பற்றிக்கொண்டு, முழுப் பாரத்தையும் அதில் போட்டுக் கீழே உட்கார்ந்தாள். பாட்டிலைச் சாய்த்து மூன்று விரலில் எண்ணெய் தொட்டு, கல் மருத்துவச்சியின் உள்ளங்கையில் வைத்தாள். எண்ணெய் அங்கே நிற்கவே இல்லை, உடனே காணாமல் போனது. மறுபடி வைத்தாள். மறுபடியும் காணோம்.

"குடிக்குதும்மா" என்றாள்.

"பாட்டில காலி பண்ணிடாதடி, வௌக்குக்கு வேணும்" என்றாள் கொளஞ்சியம்மாள்.

இலக்கியா காதில் வாங்கவில்லை. ஒரு கை அம்மாவின் முன்கையை விடாமல் பிடித்திருக்க, பாட்டிலைத் தரையில் வைத்து வைத்து, தொட்டுத் தொட்டுத் தடவினாள். மூன்றாம் முறை எண்ணெய் கொஞ்சம் தங்கியது. பிறகு அந்த வெளுத்த கல்லில் கறுப்பு மெதுவாக ஊறத் தொடங்கியது. முதலில் உள்ளங்கை, பிறகு ஒவ்வொரு விரலாக, பிறகு மணிக்கட்டைச் சுற்றி, இன்னும் மேலே.