ஐந்து மணி வரை மௌனம்

அன்று ஐந்து மணி வரை எந்த நாடும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அவள் வருடக்கணக்கில் எழுதித் திருத்திய தீர்மானம் நிறைவேறிவிடும்.

உலக நாடுகள் கூடும் பேரவையின் வழக்கம் அது. வரைவை எல்லா நாடுகளுக்கும் அனுப்பிக் கெடு வைப்பார்கள். யாரும் மறுக்காவிட்டால் சம்மதம். ஒரே ஒரு நாடு மறுத்தாலும் போச்சு.

எங்காவது போரோ வெள்ளமோ வந்தால் அவசரமாகக் கூடுவதற்கே எல்லா நாடுகளும் தலையாட்ட வேண்டும் என்பது பழைய விதி. அவர்கள் ஆட்டி முடிப்பதற்குள் வெள்ளம் வடிந்திருக்கும். பாதி நாடுகள் கேட்டாலே இரண்டு நாளில் கூடிவிடலாம் என்பது அவளுடைய வரைவு. எதற்கும் நேரத்தில் கூடாத பேரவை என்று பத்திரிகைக்காரர்கள் இந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். போன மாதம் நாத்தனார் போனில், "அண்ணி, உங்க ஆபீஸ் இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்டிருந்தாலாவது பரவாயில்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

அவள் வேலை பார்க்கும் வரைவுப் பிரிவில் அன்று யாரும் யாருக்கும் போன் செய்யவில்லை. நாமே எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்ற பயம். பத்திக்குப் பத்தி காற்புள்ளியை இடம் மாற்றுவதால் 'காற்புள்ளி' என்றே பெயர் வாங்கிய அவளுடைய மேலதிகாரி, தன் அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

நாலரைக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் அவளுடைய கணவர். மாடியில் தன் நாட்டுப் பிரதிநிதியாக இருப்பவர். வேலை நேரத்தில் அவளைத் தேடி வந்ததே இல்லை. முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உங்க நாடுதானா?"

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். தலைநகரிலிருந்து உத்தரவு வந்துவிட்டதாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆறு மணிக்குத்தான் பார்த்தேன்னு சொல்லிடறேன். திட்டுவாங்க, அவ்வளவுதானே?" என்றார்.

சரி என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது. இந்த மனிதர் தனக்காகப் பொய் சொல்லவும் துணிகிறாரே.

"வேண்டாங்க. என்னைக்காவது தெரிஞ்சா, புருஷன் வாயைக் கட்டித்தான் பாஸ் பண்ணினாள்னு மொத்தத்தையும் குப்பையில போட்டுடுவாங்க. உத்தரவுல என்ன இருக்கு?"

"மறுப்பு சொல்லுன்னு இருக்கு."

"எந்தப் பத்திக்குன்னு இருக்கா?"

அவர் போனை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தார். இல்லை. வரைவை அங்கே யாரும் படித்தே இருக்கமாட்டார்கள் என்று அவருக்கும் தோன்றியது.

மொத்தத்தையும் மறுத்தால் வரைவு செத்துவிடும். ஒரு பத்தியை மட்டும் மறுத்தால் அந்தப் பத்தி மட்டும் பேச்சுவார்த்தைக்குப் போகும், மற்றவை கைபடாமல் நிலைக்கும். ஆனால் தீர்மானம் ஒரு வருடமாவது தள்ளிப்போகும். காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எதை விடுவது? பாதி நாடுகள் என்பதை விட முடியாது, அதுதான் உயிர். விரல் இரண்டு நாள் என்ற வரியில் போய் நின்றது. அந்த இரண்டு நாளுக்காக அவள் எத்தனை பேரிடம் மல்லுக்கட்டியிருக்கிறாள்.

"இதை மறுங்க," என்றாள்.

அவர் அவள் மேஜையிலேயே மறுப்பை எழுதினார். எழுதியதை அவள் வாங்கிப் படித்தாள். 'இது போன்ற பத்திகள்' என்று இருந்தது. மற்ற நாடுகள் அதைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கிளறிவிடுமே. பேனாவை எடுத்து, 'இந்தப் பத்தி மட்டும்' என்று திருத்திக் கொடுத்தாள்.

"இப்போ அனுப்புங்க. நான் போய் காற்புள்ளிகிட்ட சொல்லணும்."