ஒரு நாளைக்கு அறுபது கிலோமீட்டர்

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் பத்து நாள் கார் ஓட்டிக்கொண்டு சுற்றலாம் என்று கமலக்கண்ணன் சொன்னபோது சத்யப்ரியாவுக்குச் சந்தோஷம்தான். கல்யாணமாகி அருப்புக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு வந்த பன்னிரண்டு வருஷத்தில் இருவரும் சேர்ந்தாற்போல ஒரு வாரம் லீவு எடுத்ததில்லை. அவன் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் தர ஆய்வாளன். அவள் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர்.

முதல் திட்டத்தில் ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டர் இருந்தது. அடுத்த வாரம் அது நூற்றிருபதாகி, பிறகு அறுபதில் வந்து நின்றது. பெரிய ஊர்களையெல்லாம் பட்டியலிலிருந்து அடித்துவிட்டான். மூன்று மணிக்குள் தங்குமிடத்துக்குப் போய்விட வேண்டும் என்று எழுதியிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, ஏரி, ஆட்டுப் பண்ணை என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டு போகலாமே என்றான். சரியான பதில்தான். ஆனாலும் அவள் கணக்கு டீச்சர். எண்கள் காரணமில்லாமல் குறையாது என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நாளாக அவன் இடது தோளை நிலைக்கதவில் இடித்துக்கொள்வதையும், இடப்பக்கம் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவதையும் ஷிப்ட் களைப்பு என்றே நினைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, மலைச் சாலையில் பழகிப் பார்க்கலாமென்று பக்கத்திலிருக்கும் தளிக்குக் கிளம்பினார்கள். மத்திகிரி தாண்டிப் போகும்போது இடப்பக்கத்துச் சந்திலிருந்து முட்டைக்கோஸ் மூட்டையோடு ஒரு மொபெட் வந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவனும் பார்த்திருப்பான், வேகத்தைக் குறைப்பான் என்று இருந்தாள். கார் அப்படியே போனது.

“பிரேக் போடுங்க!”

டயர் கிறீச்சிட்டு நின்றது. காரின் பக்கக் கண்ணாடி மூட்டையில் உரசி, காய்கள் ரோடெல்லாம் உருண்டன. மொபெட்காரர் ஒரு காலை மண்ணில் ஊன்றி விழாமல் நின்றார். வெங்கடப்பன் என்று பெயர் சொன்னார். தோட்டத்திலிருந்து சந்தைக்குப் போகிறவர். அவர் கோபப்படவில்லை. அவனைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“இவ்ளோ பக்கத்துல வந்துனு இருக்கறேன், என்னைக் காணலையா சார்?”

கமலக்கண்ணன் குனிந்து காய்களைப் பொறுக்கினான். அவன் இடது காலுக்குப் பக்கத்திலேயே இரண்டு கிடந்தன. அவற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.  அந்த இரண்டையும் சத்யப்ரியாவே எடுத்துக் கொடுத்தாள்.

வெங்கடப்பன் போனதும் கார்ச் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“எவ்வளவு நாளாங்க?”



“எட்டு மாசம். ஓரத்துல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது ப்ரியா. கண்ணுல பிரஷராம். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“அப்புறம் எதுக்கு இந்த டிரிப்?”

“கண்ணு தெரியறப்பவே பாத்துரணும்னுதான். மெதுவாப் போனா சமாளிச்சுரலாம்னு நெனச்சேன்.”

எட்டு மாதமாக லாரிகளுக்கு நடுவே, கிருஷ்ணகிரி ஹைவேயில், அவன் பக்கத்தில் அவள் கண்ணயர்ந்துகொண்டு போயிருக்கிறாள்.  ஆனாலும் திட்ட வாய் வரவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. அவளைவிட அவன்தான் அதிகம் பயந்திருக்கிறான் என்று தெரிந்தது.

வீட்டுக்கு அவள்தான் ஓட்டினாள். லைசென்ஸ் எடுத்ததோடு சரி, காலி மைதானத்தைத் தாண்டி ஓட்டியதில்லை. இரண்டாவது கியரிலேயே வந்தாள். பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. எதிரே லாரி வரும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டாள். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் பிரிய மறுத்தன.

மறுநாள் அவனைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். கம்பெனியில் விஷயத்தை அவனையே சொல்ல வைத்தாள். வேலை போகவில்லை, மேஜை வேலைக்கு மாற்றினார்கள். அவள் மறுபடியும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். பயம் போகவில்லை. பயத்தோடேயே ஹைவேயில் ஏறப் பழகினாள்.

பயணத்தை ஒரு வருஷம் தள்ளிப் போட்டார்கள். நியூசிலாந்தில் மூன்றாம் நாள், ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலம் வந்தது. அவள் காரை நிறுத்தினாள். கீழே ஆறு இரைந்தது. அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி மலையையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே வண்டி எதுவும் இல்லை. சத்யப்ரியா அவனுக்காக இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்து, பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.