பின்சக்கரம் இல்லாத கார்

லாசரஸ் தோளில் கிடந்த துண்டை எடுத்து, காருக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே நீட்டி அளந்தார். துண்டில் பாதிகூட விரியவில்லை. சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அளந்தார். அங்கே அவரே ஒருக்களித்துத்தான் நிற்க முடிந்தது.

"அண்ணி, பெட்டி போகாது" என்றார்.

கிருபா வாசல்படியில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஹாலில், ஐஸ் பெட்டிக்குள், கல்யாணங்களுக்கு மட்டும் போடும் சாம்பல் நிறக் கோட்டோடு தேவானந்தம் படுத்திருந்தார். நேற்றுக் காலை காபி டம்ளரைக் கையில் வாங்கியவர் ஒரு வாய்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அந்த ஐஸ் பெட்டி உள்ளே வந்ததே பெரும்பாடு. ஆறு பேர் காரின் பானெட்டுக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்து வாங்கினார்கள். அது காலிப் பெட்டி, எப்படியோ சமாளித்தாயிற்று. ஆளை வைத்த சவப்பெட்டியையும் அப்படிக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோக முடியுமா என்ன?

கார், காண்டஸா. மெரூன் நிறம். போர்டிகோவை முழுசாக அடைத்துக்கொண்டு, மூக்கை கேட் பக்கம் நீட்டி, எட்டு மாதமாக அதே இடத்தில் நிற்கிறது. முன்சக்கரம் இரண்டும் தரையில். பின்பக்கம் இரண்டு இரும்பு ஸ்டாண்டின்மேல், சக்கரமே இல்லாமல்.

"பேசாம கிச்சன் பக்கமா, அந்தச் சந்து வழியா எடுத்துரலாமா?" என்றார் லாசரஸ். அண்ணனை இழந்த தம்பி, பாவம், அவருக்கும் நேற்றிலிருந்து தூக்கமில்லை.

"கேஸ் சிலிண்டர் வர்ற வழியில உங்க அண்ணனை எடுத்துட்டுப் போவீங்களா? அவர் முன்வாசல்லதான் போவார்."

"அப்ப காரை வெளிய தள்ளணும். தள்ளணும்னா வீல் வேணும். பாஸ்டர் மூணு மணிக்கு வந்துருவார்."

வீல் வேணுமாம். கிருபாவுக்குச் சிரிப்பு வருவதுபோல் இருந்தது, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் பெண் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்த வீட்டில் மூன்று வருஷமாக முடிவாகாமல் கிடந்த ஒரே விஷயம் அதுதானே!

தேவானந்தம் இன்சூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் சர்வேயராக இருந்தவர். கூடுவாஞ்சேரியிலிருந்து பள்ளிக்கரணை வரை எங்கே எந்தக் கார் எதில் மோதினாலும் போய்ப் பார்த்து, எவ்வளவு நஷ்டம் என்று எழுதுவது அவர் வேலை. ரிட்டையர் ஆன கையோடு இந்தக் காண்டஸாவை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். "நேர் ரோடு, கால் மைல், ஒரே ஒரு தடவை ஓட்டணும் கிருபா. டிராக் ரேஸ்னு பேரு. வளைவே கெடையாது. இத்தனை வருஷமா வளைவுல திரும்பாத வண்டியைத்தானே பார்த்தேன்" என்றார்.

எஞ்சின் வேலை ஒரே வருஷத்தில் முடிந்துவிட்டது. டயரில் வந்து மாட்டிக்கொண்டார். "எஞ்சினை எவன் வேணா பெருசாக்குவான். அந்தச் சக்தியைத் தரையில போடுறது பின் டயர்தான். அது புடிக்கலன்னா வெறும் புகைதான் மிச்சம்" என்பார். ரிம் சின்னதாக, ரப்பர் உயரமாக இருக்கவேண்டுமாம். ஏனென்று அவளும் ஒருநாள் கேட்டுவைத்தாள். உடனே எழுந்து நின்று முழங்காலை மடக்கிக் காட்டினார். "குதிக்கிறதுக்கு முன்னாடி முட்டி மடங்குதுல்ல? டயர் பக்கவாட்டுல அப்படி மடங்கணும். ரப்பர் ஒல்லியா இருந்தா எங்கேர்ந்து மடங்கும்?" அகலம் வேறு தனிப் பஞ்சாயத்து. ரிம்மை வெளிப்பக்கம் அகலமாக்கினால் மட்கார்டில் இடிக்கும், உள்பக்கம் அகலமாக்கினால் ஸ்பிரிங் பிளேட்டில் இடிக்கும். டிவி வந்த அட்டைப்பெட்டியை வட்டமாக வெட்டி, அவளை டார்ச் பிடிக்கச் சொல்லிவிட்டு, காருக்கடியில் படுத்து அளப்பார். வெளியே வரும்போது முகமெல்லாம் கரி.

"நானும் வரலாமா, பக்கத்து சீட்டுல?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"ரேஸ்ல டிரைவர் மட்டும்தான். விட மாட்டாங்க." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே சொன்னார்: "ஆனா கால் மைல் முடிஞ்சதும் பக்கவாட்டுல திரும்பி வர்றதுக்குன்னு தனி ரோடு உண்டு. அதுல எல்லாரும் மெதுவாத்தான் வருவாங்க. அங்க நீ நில்லு, உன்னை ஏத்திக்கிறேன்."

அதற்கப்புறம் அவர் கால் மைலுக்கு ஏங்கினார், அவள் அந்தத் திரும்பி வரும் ரோட்டுக்கு ஏங்கினாள். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. அறுபது வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது? எப்போது கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான்: டயர் இன்னும் முடிவாகலை. பின் ரிம் இரண்டையும் கழற்றி, அகலமாக்குவதற்காகப் பம்மலில் அச்சுதன் பட்டறையில் கொடுத்து எட்டு மாதம். மனுஷன் இப்படி முடிவெடுக்காமலேயே காலத்தை ஓட்டுகிறாரே என்று அவளுக்கு ஆத்திரமாகக்கூட வந்திருக்கிறது.

"வீல் இருக்கே!" என்றான் ஜெபின்.

பெங்களூரிலிருந்து நேற்று ராத்திரிதான் வந்து சேர்ந்தான். வந்ததிலிருந்து மகன் அழவில்லை, போன் பேசிக்கொண்டே இருந்தான். இப்போது படுக்கையறைக்கு ஓடிப்போய், கட்டிலுக்கடியிலிருந்து பெட்ஷீட் சுற்றிய இரண்டு உருப்படிகளை உருட்டிக்கொண்டு வந்தான். பிரித்தால் அலாய் வீல், பளபளவென்று, கண்ணாடி மாதிரி. பெரிய ரிம், சுற்றிலும் ஒல்லியாக ரப்பர். போன வருஷம் அப்பாவின் பிறந்தநாளுக்கு அவன் வாங்கியது. பஸ்ஸில் அவற்றுக்கென்று தனியாக ஒரு சீட்டுக்கு டிக்கெட் எடுத்து, ராத்திரி முழுக்க விழாமல் பிடித்துக்கொண்டே வந்திருந்தான்.

"இதை மாட்டுறதுக்குள்ள போயிட்டாரும்மா. இன்னிக்காவது மாட்டிருவோம். அப்பா போறப்ப அவர் காரு நல்லா இருக்கட்டும்."

கிருபா அந்த ஒல்லி ரப்பரைப் பார்த்தாள். "சரிப்பா, மாட்டு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, போனை எடுத்தாள்.

"அச்சுதா, சாரோட ரிம் எந்த நிலைமையில இருக்கு?"

"டயரு மாட்டி ரெடியா கீதும்மா. நானே வந்துகினு இருந்தேன், மாலை வாங்க நின்னேன்."

"எடுத்துட்டு வா. ரெண்டையும்."

அவள் திரும்பி வந்தபோது ஜெபின் நட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. லாசரஸ் ஸ்டாண்டுகளை உருவினார். ஜாக்கை மெல்ல இறக்கினார்கள். கார் உட்கார்ந்தது, மட்கார்டின் விளிம்பும் டயர்மேல் உட்கார்ந்தது.

"ம், தள்ளுங்கப்பா!"

தள்ளினார்கள். கரகரவென்று ஒரு சத்தம். கார் ஒரு சாண் நகர்ந்து நின்றது. இன்னும் இரண்டு பேர் சேர்ந்து தள்ளினார்கள். பந்தலில் பாடிக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஜெபின் மண்டியிட்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே விரலை விட்டுப் பார்த்தான். நகம்கூட நுழையவில்லை. விரல் அங்கேயே ஓரிடத்தில் நின்றது. விளிம்பின் உள்பக்கம், கட்டைவிரல் நீளத்துக்குப் பெயின்ட் மட்டும் புதுசாக இருந்தது. ஏற்கெனவே தேய்ந்த இடத்தில் மெரூன் தொட்டு மறைத்திருந்தார்கள்.

"அப்பா இதை மாட்டிப் பார்த்துட்டாரா?"

கிருபா அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "நீ திரும்ப பெங்களூர் பஸ் ஏறின அன்னிக்கே."

"போன்ல சூப்பரா இருக்குடான்னு சொன்னாரேம்மா."

"சூப்பராதானே இருக்கு?"

"என்கிட்ட ஏம்மா சொல்லலை? மாத்திக் குடுத்திருப்பேன்ல?"

"ராத்திரி முழுக்கப் புடிச்சுக்கிட்டு அவ்ளோ தூரம் கொண்டுவந்தே. எப்படிறா சொல்லுவார்? ஞாயித்துக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் வெளிய எடுத்துத் தொடைச்சுட்டு, திரும்பச் சுத்தி வைப்பார். போன ஞாயித்துக்கிழமையும் தொடைச்சார். அந்த பெட்ஷீட் எது தெரியுதா? நீ ஸ்கூல் படிக்கிறப்ப போத்திக்கிட்டது."

அதுவரை போன் பேசிக்கொண்டே இருந்த பையன், அலாய் வீலின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். கிருபா அவன் தலையில் கையை வைத்தாள். அழட்டும், நேற்றே அழுதிருக்கவேண்டியது.

அச்சுதன் லோடு ஆட்டோவில் வந்து இறங்கினான். கையில் சம்பங்கி மாலை. யாரையும் பார்க்காமல் நேரே உள்ளே போனான். "இன்னா சார், இப்டிப் பண்ணிட்டே? ரெடியாயிடுச்சுன்னு போன் பண்ணலாம்னு இருந்தனே சார்!" என்று அவன் கதறுவது வெளியே கேட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, ஆட்டோவிலிருந்து இரண்டு சக்கரங்களை இறக்கினான். பழைய இரும்பு ரிம்தான், உள்பக்கம் அகலமாக்கி, கறுப்பு அடித்திருந்தது. ரப்பர் அகலமாகவும் உயரமாகவும் பம்மென்று இருந்தது.

மாட்டினான். ஜாக்கை இறக்கும்போது கிருபா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மூன்று வருஷம் டார்ச் பிடித்தவள் அல்லவா? கார் இறங்கியது, உட்கார்ந்தது. அவளே குனிந்து மட்கார்டுக்குள் கையை விட்டாள். இரண்டு விரல் நுழைந்தது. உள்ளே ஸ்பிரிங் பக்கமும் பார்த்தாள், அங்கேயும் இரண்டு விரல். அவர் அட்டையில் வரைந்தது எப்படியோ அப்படியே. ஏங்க, சரியா இருக்குங்க, என்று உள்ளே ஓடிப்போய்ச் சொல்லத்தான் அவளுக்கு முதலில் தோன்றியது. வாசல்படி வரைக்கும் போய்விட்டாள்.

திரும்பி வந்து டயரின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருந்தது.

"இது மொட்டை டயர் இல்லையே, அச்சுதா? ரேஸுக்கு மொட்டைதான் நல்லாப் புடிக்கும்னு சொல்லிட்டே இருந்தாரே."

"மொதல்ல அதான்மா கேட்டாரு. நானும் சொல்லி வெச்சிட்டேன். அப்பறம் பட்டறைக்கு வந்து மாத்து அச்சுதான்னாரு. இன்னா சார், டைம் ஜாஸ்தியா ஆவுமே, பரவால்லியான்னேன். மொட்டையில ரோட்டுல போவக் கூடாது, மழை பேஞ்சா வழுக்கும், வூட்டம்மாவை ஏத்திகினு அதுல திரும்பி வரணும்பா, ரேஸு டிராக்குலேர்ந்து நேரா தாம்பரம் வூடு வரிக்கும்னு சொன்னாரு." அச்சுதன் ஸ்பானரைத் துணியில் துடைத்தான். "உங்களாண்ட சொல்ல வாணாம்னாரும்மா. மாட்டினப்பறம் சொல்லிக்கிறேன்னாரு."

"எப்ப மாத்தினார்?"

"ரெண்டு மாசம் இருக்கும். டயரு வரத்தான் லேட்டு."

இரண்டு மாதம். போன வாரம்கூட அவள் கேட்டாளே. இன்னும் முடிவாகலை என்றாரே, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு! கிருபா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தள்ளுங்க" என்றாள்.

இந்தத் தடவை கார் சத்தமே போடாமல் நகர்ந்து, கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது. போர்டிகோ வெறிச்சென்று ஆனது. அந்த இடத்தில் பாஸ்டர் நின்று ஜெபித்தார். பெட்டி முன்வாசல் வழியாக, நான்கு பேர் தோளில், எங்கும் இடிக்காமல் போனது. தெருவில் காரை விட்டுவிட்டுப் போனால் சவ வண்டி திரும்ப இடமில்லை என்று லாசரஸ் சொன்னதால், ஜெபின் காரை ஸ்டார்ட் செய்து ஊர்வலத்தின் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தான். கிருபா சவ வண்டியில் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். வழிநெடுக அந்த எஞ்சின் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்து, மண் போட்டு, பூ வைத்து, கும்பல் கலைந்தது.

"அண்ணி, வேன்ல ஏறுங்க. ஏசி போட்டாச்சு" என்றார் லாசரஸ்.

கிருபா வேனைத் தாண்டிப் போனாள். புளியமரத்தடியில் காண்டஸா நின்றது. இடப்பக்கக் கதவைத் திறந்தாள். எடை குறையவேண்டும் என்று பின் சீட்டு, தரைவிரிப்பு, ரேடியோ எல்லாவற்றையும் தேவானந்தம் கழற்றியிருந்தார். உள்ளே வெறும் தகரம். டிரைவர் சீட்டும், இந்தப் பக்கம் ஒரு சீட்டும் மட்டும் இருந்தன. அந்தச் சீட்டில் போட்ட பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காமல் இருந்தது. அவள் அதைப் பிரித்து, மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜெபின் வண்டியை எடுத்தான். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்தார்கள். முன்னால் நேராக, காலியாகக் கிடந்தது ரோடு. பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. ஜெபின் ஆக்ஸிலேட்டரை அழுத்தப் போனான்.

"வேணாம்டா" என்றாள் கிருபா. "திரும்பி வர்ற ரோடு இது. இதுல மெதுவாத்தான் வரணும்."

பஸ் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே வைத்துக்கொண்டாள்.