றெபேக்கா சாப்பிட்டு முடிக்காத நூடுல்ஸ்

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் ஒரு இரண்டாம் மாடி வீட்டில் றெபேக்கா ஒரே ஒரு அரிசி நூடுல்ஸ் இழையை மூன்றாவது வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இழையின் மற்ற முனை குசினிப் பானைக்குள் இருக்கிறது. அதை யாரும் கண்டதில்லை.

அவளுக்கு ஈரலில் புற்றுநோய். அடுத்த பிறந்தநாள்தான் கடைசி என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கணவன் ஹென்றி டவுன்டவுனில் ஒரு சீன உணவகத்தில் சமைத்துக்கொண்டிருந்தான். பிறந்தநாள் நூடுல்ஸை முறிக்கக் கூடாது, அதன் நீளம்தான் ஆயுள் என்று கூட வேலை செய்த சீனர்கள் சொல்வார்கள். அவன் அதைப் பொருட்படுத்தியதில்லை. வீட்டில் சேமியாவை நொறுக்குவதுபோல நொறுக்கித்தான் போடுவான். அந்தப் பிறந்தநாளுக்கு மட்டும் முறிக்காமல் வெந்நீரில் ஊறவைத்தான். றெபேக்கா முதல் இழையை வாயில் வைத்து உறிஞ்சினாள். அது இரவுக்குள் முடியவில்லை. ஈஸ்டருக்கும் முடியவில்லை. அவள் சாகவில்லை, நோய் குறையவுமில்லை. நோவு அப்படியே இருந்தது. டொக்டர் பானையை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தவணைக்குத் திகதி கொடுத்தார். பாதிரியார் நோயாளியோடு பானையையும் ஆசீர்வதித்தார்.

தண்ணீர் கொதித்தால் இழை கரைந்துவிடும், ஆறினால் விறைத்து முறிந்துவிடும். ஹென்றி வேலையை விட்டுப் பானையடியில் இருந்தான். பானையை அசைக்கப் பயம். அதனால் இழை வீட்டு நடையில் கதிரைகளுக்கு மேலாக, ஈரத் துவாய்த்துண்டுகளில் படுத்தபடி, படுக்கையறைக்குப் போனது. மகள் ஷெரோன் அதைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போய்வரப் பழகிக்கொண்டாள்.

இந்த ஜனவரியில் உறைமழை பெய்து காலையிலேயே கரண்ட் போனது, அடுப்பும் அணைந்தது. மத்தியானம் பானை ஆறத் தொடங்கியது. ஹென்றி இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் வைத்துச் சூடு கொடுத்துப் பார்த்தான். அது போதவில்லை.

“இஞ்சேருங்கோ,” றெபேக்கா கடைவாயால் கூப்பிட்டாள். “காணும். நான் கடிக்கப்போறன்.”

“கடியாதையும்.”

“மூண்டு வருசமா நொந்துகொண்டு கிடக்கிறன். உங்களுக்கு விளங்கேல்லையே?”

“விளங்குது. நான் பேந்து என்னத்தைச் செய்யிறது?”

“நல்லாச் சமைச்சுச் சாப்பிடுங்கோ. எலும்பாப் போனியள்.”

அவன் கைகளை வெளியே எடுக்கவில்லை. அவள் பற்களை இழையின் மேல் வைத்தாள். அப்படியே கனநேரம் இருந்தாள். பொழுதுபட கரண்ட் வந்தது, அடுப்பு சிவந்தது. அவள் கடிக்காமல் பற்களை எடுத்து, விறைத்த பகுதியை உறிஞ்சி விழுங்கினாள்.

“சப்பெண்டு கிடக்கு,” என்றாள். “கொஞ்சம் சோயா சோஸாவது போடுங்கோவன்.”

ஹென்றி போட்டான். இழை குசினிப் பக்கமிருந்து மெதுவாக மண்ணிறமாகிக்கொண்டு போனது. ஷெரோன் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி, அதைத் தாண்டித் தன் அறைக்குப் போனாள்.