அடுப்புக்கு மேலே ஒரு மடிக்கணினி

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் ஜெயந்தினிக்கு அது தெரிந்தது. மடிக்கணினியில் சார்ஜ் ஏறவில்லை. பிற்பகல் பரீட்சை. கொழும்பில் ஓர் ஆய்வுகூட வேலைக்கானது. பரீட்சையை வீட்டிலிருந்தே இணையத்தில் எழுதலாம். கைபேசியில் முடியாது. ஒருமுறை திறந்தால் நடுவில் மூடக்கூடாது. பக்கத்தில் வேறு ஆள் குரல் கேட்டால் அதோடு சரி. விஞ்ஞானப் பட்டம் வாங்கி வந்து, பசறையில் டியூஷன் சொல்லிக்கொடுத்துக் காலத்தை ஓட்டியவளுக்கு வந்த முதல் அழைப்பு அது.

ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். பிளக் பொயின்ட்டில் போனைச் செருகினாள், போனுக்கு ஏறியது. சார்ஜரின் விளக்கும் எரிந்தது. திரை, சார்ஜர் இணைந்திருக்கிறது என்றது. பேட்டரி மட்டும் நாலு சதவீதத்தில் நின்றது. அணைத்தாள், பொத்தானை அழுத்திப் பிடித்தாள், மறுபடி போட்டாள். இப்போது மூன்று.

தோட்ட லயத்தின் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் ராசம்மாக்காவிடம் சின்னத் திருப்புளி வாங்கிவந்து அடிமூடியைக் கழற்றினாள். பேட்டரி வயிறு ஊதிக் கிடந்தது. விசிறி இடுக்கெல்லாம் கரி. முகர்ந்து பார்த்தாள். விறகுப் புகை.

"அம்மா, இத எங்க வச்சிருந்தீங்க?"

இராக்கம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எங்க வைக்கிறது? மழைக்கு செவுரு பூரா ஊறிக் கெடக்கு. நீ டியூசனுக்குப் போனதும் துணியில சுத்தி மேல வச்சிருவேன். நீ வர்றதுக்குள்ள எறக்கிருவேன்."

மேலே என்றால் அடுப்புக்கு மேலே, விறகு காயப்போடும் பலகை. லயத்தில் எல்லாக் காம்பராவிலும் அப்படித்தான். உப்பு, தீப்பெட்டி, பிறப்புச் சான்றிதழ், ஈரம் படக்கூடாதது எதுவானாலும் அங்கேதான் ஏறும். ஜெயந்தினியின் பட்டமும் பொலித்தீன் பையில் அங்கேதான் இருந்தது.

பதுளை பஜாரில் கணினி திருத்தும் றிஸாத்துக்குப் போன் போட்டாள். குரல் தெளிவாகக் கேட்பதற்காக ஸ்பீக்கரில் போட்டது தப்பாகிவிட்டது.

"ஊதிருச்சா? உடனே கழட்டி வெளிய வைங்க தங்கச்சி. புதுசு கொழும்புல இருந்துதான் வரணும், நாலஞ்சு நாளாகும். பேட்டரி இல்லாம சார்ஜர்ல நேரா ஓடும். ஆனா வயர் கொஞ்சம் அசைஞ்சாலும் ஒரேயடியா நின்டுரும். எங்க வச்சிருந்தீங்க? அடுப்புக்கு மேலயா? ஏன், கருவாடா காயப்போட்டீங்க?"

ஜெயந்தினி பேட்டரியைக் கழற்றி முடிக்கும்வரை திருப்புளிக்காக வாசலில் நின்ற ராசம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னா இராக்கம்மா, மக கம்பியூட்டர வாட்டிட்டியாக்கும்! நாளைக்கு வேலைக்குக் கூடுற பெரட்டுல சொன்னா ஒரு வாரத்துக்குச் சிரிக்கக் காணும்."

ஜெயந்தினி யாரிடமும் குரல் உயர்த்தாதவள். அன்றைக்கு உயர்த்தினாள்.

"ஒன்னும் தெரியாட்டி சும்மா இருக்கணும்மா. இனிமே என் சாமான் எதுலயும் கை வைக்காதீங்க. தீப்புடிச்சு எரிஞ்சாலும் தொடாதீங்க."

ராசம்மாவின் சிரிப்பு நின்றது. திருப்புளியை எடுத்துக்கொண்டு போனாள். இராக்கம்மா ஈரக் கையைச் சீலையில் துடைத்தாள். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

சிக்னல் கிடைப்பது வாசல் பக்கம். பிளக் பொயின்ட் இருப்பதோ குசினியில், அடுப்படிச் சுவரில். நீள வயரை இழுத்துப் போட்டு, பேட்டரி இல்லாத மடிக்கணினியை ஜெயந்தினி நாற்காலிமேல் வைத்து, தரையில் உட்கார்ந்தாள். பரீட்சை திறந்தது. கேள்விகள் தெரிந்தவை. எழுத எழுதக் கை சூடு பிடித்தது. கொழும்பில் ஓர் அறை, வெள்ளை மேலங்கி, மாதம் பிறந்தால் அம்மாவுக்கு அனுப்பும் பணம் என்று மனம் ஒரு பக்கம் ஓடியது.

திரை கறுத்தது.

குசினிக்கு ஓடினாள். பொயின்ட்டின் பிடி எப்போதோ தளர்ந்திருந்தது. வயரின் கனத்தில் பிளக் கழன்று தொங்கியது. எட்டினால் தொடும் தூரத்தில் இராக்கம்மா நின்றாள், இரண்டு கையையும் சீலைக்குள் சுற்றிக்கொண்டு.

"எப்ப கழண்டுச்சு?"

"கொஞ்சங் கொஞ்சமா எறங்கிக்கிட்டே இருந்துச்சு. கூப்புடலாம்னா கொரல் கேக்கப்புடாதுன்ன. புடிக்கலாம்னா…"

ஜெயந்தினி பிளக்கைச் செருகினாள். விட்டால் மறுபடி இறங்கியது.

"புடிங்க."

இராக்கம்மா மகள் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிடித்தாள்.

மடிக்கணினி மெல்ல உயிர்பெற்றது. எழுதியவரையில் விடைகள் ஏற்கப்பட்டன, பரீட்சை முடிவடைந்தது, மீண்டும் திறக்க இயலாது என்றது திரை.

குசினி வாசலில் இராக்கம்மாவின் தலை தெரிந்தது. ஒரு கை பின்னால் பிளக்கோடு இருந்தது. வாய் திறக்கவில்லை. பரீட்சை திரும்ப வந்துவிட்டதா என்று கண்ணால் கேட்டாள்.

ஆமாம் என்று ஜெயந்தினி தலையை ஆட்டினாள்.

இராக்கம்மாவின் முகம் தெளிந்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, இன்னொரு கையையும் பிளக்கில் கொடுத்து அழுத்திப் பிடித்தாள். பரீட்சைக்குக் குறித்த நேரம் முடியும்வரை அவள் விடவில்லை. விடுங்கள் என்று ஜெயந்தினியும் சொல்லவில்லை.