மூழ்கும் படகு

பல்கேரியாவின் ரூசே நகரத்துச் சமையல் தொழிற்பள்ளிக்கு சோபியாவிலிருந்து கலோயன் என்ற பயிற்சியாளன் வந்திருந்தான். விளையாட்டு மூலமாகவே பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வரவைப்பானாம், வேலைக்குத் தயார் செய்வானாம். வகுப்பு ஆசிரியை யோர்டாங்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு எல்லாரையும் மேலே ஏற்றினான்.

"இது படகு. மூழ்கிட்டிருக்கு. உங்களை ஏன் வேலைக்கு வெச்சுக்கணும்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க. யாரைத் தள்ளலாம்னு மத்தவங்க கை தூக்குங்க."

நெவேனாவுக்குத் திக்குவாய். "நா... நா... நான்" என்பதற்குள் நேரம் முடிந்ததென்று கலோயன் மேசைமணியைத் தட்டிவிட்டான். வகுப்பே சிரித்தது. கைகள் சடசடவென்று உயர்ந்தன. அவள் இறங்கிச் சுவரோரம் போய் நின்றாள்.

"முகத்தைத் தூக்கி வெச்சுக்காதேம்மா. வேலையிலயும் இப்படித்தான். ஜெயிச்சவங்களுக்குக் கை தட்டு, போட்டோ எடுக்கணும்" என்றான் கலோயன்.

அவள் கை தட்டினாள். யோர்டாங்கா எழுந்து முன்னால் வந்தாள்.

"நிறுத்துங்க சார்."

"இதுலதான் மேடம் தன்னம்பிக்கையே வளரும்."

"அப்ப நீங்களே ஏறுங்க. உங்களை ஏன் வெச்சுக்கணும்னு சொல்லுங்க."

சிரித்துக்கொண்டே ஏறியவன் சரளமாகப் பேசினான். முடிப்பதற்குள் படகிலிருந்த அத்தனை கைகளும் உயர்ந்தன. "தள்ளுடா அவரை!" என்று ஸ்தனிமிர் என்ற மாணவன் கத்தினான். கலோயனின் முகம் சிவந்தது. ஆனால் யோர்டாங்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை. நெவேனாவைத் தள்ளும்போது அந்த முகங்களில் இருந்த அதே பளபளப்பு இப்போதும் இருந்தது. ஒரே காலையில் பிள்ளைகள் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டன! தன்மேலேயே எச்சில் பட்டதுபோல அருவருத்தாள்.

சுவரோரம் நெவேனா இல்லை. யோர்டாங்கா அவளைப் பஸ் நிறுத்தத்தில் கண்டுபிடித்தாள்.

"அதுங்களுக்குப் புத்தி இல்லடி கண்ணு."

"என்னைத் தள்ள மு... முதல்ல தூக்கினது என் கைதான் டீச்சர்." நெவேனா டான்யூப் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சீக்கிரம் மு... முடியட்டும்னு."

யோர்டாங்கா பஸ் வரும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

மறுநாள் அவள் கலோயனை வகுப்புக்குள் விடவில்லை. தலைமையாசிரியர் வந்து கத்தினார். "மேலிடத்துக்கு என்ன பதில் சொல்றது?"

"என் வகுப்புல அந்த அசிங்கம் வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.

நெவேனா அன்றைக்கு வந்திருந்தாள். சுவரோரமாகவே போய் உட்கார்ந்தாள்.