வித்துராவிலிருந்து பேச்சி

கோமதிநாயகம் உள்ளூர் மலையாள எஃப்.எம். ஸ்டேஷன் ஒன்றில் பதினொரு வருஷம் தமிழ் அரைமணி நேர நிகழ்ச்சி நடத்தியவர். அத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட மூன்று நொடிக்கு மேல் மௌனம் விழ விட்டதில்லை என்று கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்குக்கூட அது மனப்பாடம்.

சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. போன் செய்து பாட்டுக் கேட்ட நேயர்களில் முக்கால்வாசிப் பேர் கரமனையில் அவர் வீட்டிலேயே இருந்தார்கள். மனைவி சரஸ்வதியம்மாள்தான் அத்தனை பேரும். கால் வராவிட்டால் நிகழ்ச்சியை நிறுத்திவிடுவார்களே என்று பயந்து அவர் செய்த ஏற்பாடு. மூன்று சிம் கார்டு வாங்கிக் கொடுத்திருந்தார். யார் பெயர், எந்த ஊர், என்ன பாட்டு என்று காலையிலேயே சீட்டெழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போவார். கிழக்கேகோட்டை நேயர் என்றால் அம்மாள் பஸ் சத்தத்துக்காக ரோட்டோரம் போய் நின்று பேசுவாள். மலையோரத்து வித்துரா பேச்சி என்றால் வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு, மலை ஏறி வந்தவள் மாதிரி மூச்சு வாங்குவாள். பேச்சி மேல் அவருக்கே தனிப் பிரியம். "சாப்பிட்டாச்சா பேச்சி?" என்று மைக்கில் விசாரிப்பார். வீட்டில் அப்படிக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

தப்பித்தவறி நிஜ நேயர் யாராவது வந்து கையில் இல்லாத பாட்டைக் கேட்டுவிட்டால், "நேரம் முடிந்துவிட்டது, நேயர்கள் மன்னிக்கணும்" என்று கத்தரித்துவிடுவார்.

ஒருநாள் சரஸ்வதியம்மாள், "எனக்கும் ஒரு பாட்டு போடப்பிடாதா?" என்று கேட்டாள்.

"வீட்டாளுக்குப் போட்டா நாலு பேரு என்ன சொல்லுவான்? ரேடியோல அதெல்லாம் கூடாது, பாடில்ல" என்றார் அந்த நியாயவான்.

பிறகு நிகழ்ச்சி நின்றுபோனது. இந்த வருஷம் ஸ்டேஷனுக்கு ஆண்டு விழா. பழைய ஆட்களைக் கூப்பிட்டு நினைவுகளைப் பேசவைத்தார்கள். தயாரிப்பாளர் அஞ்சு தன் மலையாளத் தமிழில், "சாரே, கால் நல்லா வந்தா தமிழ் ப்ரோக்ராம் திரும்பத் தொடங்கலாம் கேட்டோ. சார் தன்னே செய்யணும்" என்று சொல்லிவிட்டாள். மனிதருக்கு இரண்டு நாள் இருப்புக்கொள்ளவில்லை. மறுபடியும் மைக் கிடைக்குமென்றால் எதையும் செய்வார். செய்தது என்னவோ பழைய வேலைதான். ஃப்ரிட்ஜில் மூன்று சீட்டு.

நேரலையில் வெளுத்து வாங்கினார். மௌனம் விழாத கதையை இரண்டு தடவை சொன்னார். நேயர்கள்தான் என் குடும்பம் என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, கால் வந்திருக்கிறது என்று அஞ்சு சைகை காட்டினாள்.

"வணக்கம், பேசுவது யார்? வித்துராவா?" என்று முந்திக்கொண்டார்.

"இல்ல. கரமனைலேருந்து சரஸ்வதி." துண்டு இல்லாத குரல்.

சீட்டில் இல்லாத பெயர். அவர் வாய் பழக்கத்தில் ஓடியது. "சொல்லுங்கம்மா, என்ன பாட்டு வேணும்?"

"பதினோரு வருசமா நீங்க எழுதித் தந்த பாட்டத்தான் கேட்டேன். பேச்சிக்கு என்ன பிடிக்கும்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். எனக்கு எது பிடிக்கும்? நீங்களே சொல்லிப் போடுங்க."

நாற்பது வருஷக் குடித்தனம். அடுக்களையில் அவள் எதையோ பாடிக்கொண்டிருப்பாள். இவர் டிவி நியூஸைக் கூட்டிவைப்பார். இப்போது ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. மூன்று நொடி போனது. பத்து போனது. இருபதாவது நொடியில் அஞ்சு பொறுக்கமாட்டாமல் குடை விளம்பரம் ஒன்றைத் தட்டிவிட்டாள்.

விளம்பரம் முடிவதற்குள் போன்கள் அடிக்கத் தொடங்கின. எல்லாம் அசல் நேயர்கள். அந்த அம்மாவுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்பதுதான் அத்தனை பேருக்கும் தெரியவேண்டும்.

"தமிழ் ப்ரோக்ராம் ஷுவர் சாரே" என்றாள் அஞ்சு. "பட்சே அந்த அம்மா செய்யட்டும். நம்பர் உண்டா?"

மூன்று நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். கோபமெல்லாம் ஆட்டோவிலேயே வடிந்துவிட்டது. வெட்கம்தான் மிச்சம். வீட்டில் சரஸ்வதியம்மாள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜில் சீட்டுகளைக் காணவில்லை.

"சரசு, அது எந்தப் பாட்டு? சொல்லேன்" என்றார். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவருக்கு.

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"நேரம் முடிந்துவிட்டது, நேயர்கள் மன்னிக்கணும்" என்றாள், அச்சு அசலாக அவர் குரலில்.